பாட்டிலைச் சோதிச்சது போதும், ஒரு சீசனைச் சோதிங்க: புழு மருந்து ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காய்கறிப் பயிர்ல இலை தின்னுற புழுவுக்கு மருந்து அடிச்சுப் பாத்து ரிப்போர்ட் எழுதுற பூச்சியியல் ஆராய்ச்சியாளர்களுக்கும், அந்த ரிப்போர்ட்டை வச்சு விவசாயிக்கு சிபாரிசு எழுதிக் குடுக்கறவங்களுக்கும்,

வணக்கம் சார், வணக்கம் மேடம். நான் கோசு, காலிபிளவர், கீரை, தக்காளின்னு பயிர் வைக்கிற ஆளு. நீங்க எழுதுற ரிப்போர்ட்டை எல்லாம் தேடிப் படிக்கிற பழக்கம் உண்டு, திட்டறதுக்காக இல்ல, எனக்கு அது உண்மையிலேயே தேவைப்படுது. ஆனா படிக்கப் படிக்க ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருது, அதை நேராவே கேட்டுடலாம்னு தான் இந்த மடல்.

உங்க டெஸ்ட் எப்படி நடக்குதுன்னா, ஒரு வயலை சின்னச் சின்ன ப்ளாட்டா பிரிக்கறீங்க. ஒவ்வொரு மருந்துக்கும் மூணு நாலு ப்ளாட், அதுங்களை குலுக்கிப் போட்டு இடம் ஒதுக்கறீங்க, ஒரு ப்ளாட்டை மருந்தே அடிக்காம கண்ட்ரோலா விடறீங்க. அப்புறம் அந்தந்த ப்ளாட்ல அந்தந்த மருந்தையே ரெண்டு தடவை, சில சமயம் மூணு தடவை, பத்து பதினஞ்சு நாள் இடைவெளி விட்டு அடிக்கறீங்க. அடிக்கறதுக்கு முந்தின நாள் புழுவை எண்ணி, அடிச்ச பிறகு ஒண்ணாம் நாள், மூணாம் நாள், ஏழாம் நாள் எண்ணி, எத்தனை சதவீதம் குறைஞ்சுதுன்னு ஒரு டேபிள். டேபிள்ல மேல ஒரு பேரு நிக்கும். கீழ கடைசியா பிடி (Bt, அதாவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்ங்கற பாக்டீரியால இருந்து வர்ற புழு மருந்து) நிக்கும், இல்ல வேப்பெண்ணெய் நிக்கும். முடிவுரைல "இந்த மருந்து சிறந்தது, விவசாயிகளுக்கு பரிந்துரைக்கலாம்"னு ஒரு வரி.

இப்ப என் கேள்வி. ஒரே க்ரூப் மருந்தை, அதாவது புழுவை ஒரே விதமா தாக்கற மருந்துகளை, அடுத்தடுத்த தலைமுறை புழு மேல அடிக்காதீங்க, அடிச்சா புழுவுக்கு எதிர்ப்பு வந்துடும்னு லேபிள்ல போட்டிருக்கு, நீங்களே பயிற்சி வகுப்புல மேடை ஏறிச் சொல்றீங்க. அப்புறம் உங்க டெஸ்ட்ல மட்டும் ஏன் ஒரே மருந்தை திரும்பத் திரும்ப அடிக்கறீங்க? கோசு, காலிபிளவரைத் திங்கற வைரமுதுகு அந்துப்பூச்சி வெயில் காலத்துல ரெண்டு மூணு வாரத்துல ஒரு தலைமுறையை முடிச்சுடும், சூடான ஊர்கள்ல வருஷத்துக்கு இருபது தலைமுறை வரைக்கும் போகும்னு நீங்க தான் எழுதி வச்சிருக்கீங்க. பதினஞ்சு நாள் விட்டு ரெண்டாவது தடவை அதே மருந்து அடிச்சா அது அடுத்த தலைமுறை மேல தானே விழும்? அப்ப எதைச் செய்யக்கூடாதுன்னு சொல்றீங்களோ அதைச் செஞ்சு, அதோட ரிசல்ட்டை டேபிளா போட்டு, அதைப் பாத்து நாங்க என்ன பண்ணணும்னு எதிர்பாக்கறீங்க? டேபிள்ல முதல் ஆளா நிக்கிற மருந்தை வாங்கி சீசன் முழுக்க அடிக்கறோம், அவ்ளோ தான். கடைக்காரரும் அதே டேபிளைத் தான் காட்டுவாரு. ஒரு டீம்ல பவுலர் எப்படின்னு பாக்கணும்னு அவரையே எல்லா ஓவரும் போட விட்டுப் பாத்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒரு மேட்ச் இது.

டேபிளையே கொஞ்சம் கிட்டத்துல பாப்போம். மேல மூணு பேரு இருக்கும், குளோரான்ட்ரனிலிப்ரோல், புளூபென்டியமைட், சயான்ட்ரனிலிப்ரோல். படிக்கிறவன் என்ன நினைப்பான்? ஆஹா மூணு மருந்து கிடைச்சுது, மாத்தி மாத்தி அடிக்கலாம்னு தான். ஆனா மூணுமே ஐஆர்ஏசி (IRAC, பூச்சிக்கு மருந்து எதிர்ப்பு வராம பாத்துக்கற சர்வதேச அமைப்பு) வகைப்பாட்டுல 28வது க்ரூப், மூணுமே புழுவோட தசைல கால்சியத்தைத் திறந்து விடற ரியானோடின் ரிசெப்டரைத் தான் போய் பிடிக்குது. புழுவைப் பொறுத்தவரைக்கும் அது ஒரே மருந்து, லேபிள் கலர் தான் வேற. ஸ்பினோசாட்டும் ஸ்பினிடோரமும் அதே கதை, ரெண்டும் 5வது க்ரூப். ஐஆர்ஏசி ஆரம்பிச்சதே 1984ல, க்ரூப் நம்பர் ஒண்ணும் ரகசியம் இல்ல, ஆனாலும் மருந்து பேருக்குப் பக்கத்துல ஒரு காலம் (டேபிள்ல ஒரு நெடுக்கு வரிசை) போட்டு அந்த நம்பரை எழுதின ரிப்போர்ட் என் கண்ணுல அபூர்வமா தான் பட்டிருக்கு. எனக்கு இந்த ஒரு காலம் கிடைச்சாலே பாதி பிரச்சனை தீரும். இதுல பணச் செலவும் இல்ல.

அப்புறம் சதவீதம் பக்கத்துல குட்டியா எழுத்து போடுவீங்க, ஏ, ஏபி, பி அப்படின்னு. ஒரே எழுத்து இருந்தா ரெண்டுக்கும் புள்ளியியல்படி வித்தியாசம் இல்லைன்னு அர்த்தம். ஒரு மருந்துக்கு 92, இன்னொண்ணுக்கு 90, ரெண்டுக்கும் ஏ போட்டிருந்தா ரெண்டும் சமம் தான். ஆனா முடிவுரைல 92 மட்டும் ஜெயிச்சவன், 90 காணாம போயிடுவான். அந்த 90 வேற க்ரூப்பா இருந்தா எனக்கு அது தங்கம் சார், ஏன்னா மாத்தி அடிக்க ஒரு சமமான ஆள் கிடைச்சான்னு அர்த்தம். அதை நீங்க ஒரு வரில சொல்லியிருக்கலாம்.

இப்ப எண்ணுற நாள் விஷயத்துக்கு வரேன், இது எனக்கு ரொம்ப உறுத்துற இடம். மருந்து அடிச்ச மறுநாள் காலைல கோசு இலையைத் திருப்பிப் பாருங்க. 28வது க்ரூப் மருந்து பட்ட புழு சாகாம அங்கேயே இருக்கும், உடம்பு சுருங்கி, கிட்டத்தட்ட பாதி நீளமா ஆகி, தொட்டா நெளியக்கூட முடியாம கிடக்கும், ஏன்னா தசைக்குள்ள இருக்கற கால்சியம் எல்லாம் கட்டுப்பாடு இல்லாம வெளிய கொட்டிடுச்சு, வாய் அசையலை. தின்றது அடிச்ச கொஞ்ச நேரத்துலயே நின்னுடும், சாக ரெண்டு மூணு நாள் ஆகும். நல்லா இருக்கற வைரமுதுகுப் புழுவைத் தொட்டா வேகமா பின்னாடியே நெளிஞ்சு போய் ஒரு நூலை விட்டு தொங்கும், அதைப் பாத்தவங்களுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். எமாமெக்டின் பென்சோயேட்லயும் தின்றது சீக்கிரம் நின்னு, சாவு மூணு நாலு நாள் தள்ளி வரும். இன்டாக்சாகார்ப் இன்னும் சுவாரசியம், பாட்டில்ல இருக்கறப்ப அது முழு விஷம் இல்ல, புழுவோட உடம்புக்குள்ள இருக்கற நொதி தான் அதை முழு விஷமா மாத்துது, அதுக்கும் நேரம் எடுக்கும். நோவலூரான், லுஃபெனூரான் மாதிரி 15வது க்ரூப் மருந்துகள் புழு தோல் உரிக்கறப்ப தான் வேலையைக் காட்டும், புதுத் தோல் சரியா உருவாகாம அப்பத் தான் சாகும்.

இத்தனையையும் நிக்க வச்சு ஒண்ணாம் நாள், மூணாம் நாள் எண்ணினா என்ன தெரியும்? எது சீக்கிரம் கொல்லுதுன்னு தெரியும். எது இலையைக் காப்பாத்துதுன்னு தெரியாது. எனக்கு புழு எப்ப செத்தா என்ன, அது திங்கறதை எப்ப நிறுத்துச்சுங்கறது தான் கணக்கு. நீங்க உயிரோட இருக்கற புழுவை எண்ணறீங்க, அது பட்டினியா கிடக்குதா தின்னுட்டு இருக்குதான்னு எழுதறதில்ல. அடையாளம் போட்ட இலைல புது ஓட்டை எத்தனைன்னு ஒரு கணக்கு சேத்துக்கோங்க. கோசுல இன்னொண்ணும் இருக்கு, வெளி இலைல ஓட்டை விழுந்தா எனக்கு பெரிய நஷ்டம் இல்ல, அதை உரிச்சுப் போட்டுடுவேன். குருத்துல புழு புகுந்தா செடி ஒண்ணும் இல்லாம போயிடும், இல்லைன்னா ஒரு தலைக்குப் பதிலா நாலு குட்டித் தலை கட்டி எதுக்கும் உதவாம நிக்கும். தலை கட்டறதுக்கு முன்னாடி பத்து புழுவும் தலை கட்டின பிறகு பத்து புழுவும் ஒண்ணு இல்ல. டேபிள்ல ரெண்டும் பத்து தான்.

புழுவோட வயசும் அப்படித் தான். புரோடீனியான்னு சொல்ற புகையிலை வெட்டுப்புழுவோட முட்டைக் குவியலைப் பாத்திருப்பீங்க, பழுப்பு ரோமம் மூடி பஞ்சு ஒட்டின மாதிரி இலைக்கு அடியில இருக்கும். அதுல இருந்து வர்ற குட்டிப் புழு எல்லாம் கும்பலா ஒரே இலைல உக்காந்து பச்சையத்தைச் சுரண்டும், இலை சல்லடை மாதிரி வெளிறிப் போய் தூரத்துல இருந்தே தெரியும். அந்த நேரத்துல பிடி போதும், புழுவுக்கு நோய் வர வைக்கற என்பிவி வைரஸ் போதும், அட அந்த இலையைக் கிள்ளி எடுத்து நசுக்கினாலே போதும். அதே புழு பெருசாச்சுன்னா பகல்ல மண்ணுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும், ராத்திரி வந்து திங்கும், மொத்த வாழ்நாள்ல திங்கறதுல பெரும்பகுதியை அந்தக் கடைசி ரெண்டு கட்டத்துல தான் திங்கும். இந்தப் பெருசுங்க மேல பகல் பத்து மணிக்கு பிடி அடிச்சுட்டு "திறன் குறைவு"ன்னு எழுதினா அது பிடியோட தப்பா? பிடியை புழு தின்னாத் தான் வேலை செய்யும், வயித்துல இருக்கற காரத்தன்மைல தான் அந்தப் புரதம் கரைஞ்சு குடலை ஓட்டை போடும், வெயில் பட்டா சீக்கிரம் வீரியம் போயிடும், அதனால சாயங்காலம், சின்னப் புழுவா இருக்கறப்ப, அஞ்சாறு நாளுக்கு ஒரு தடவை அடிக்கணும். ரசாயன மருந்தோட அட்டவணையையே அதுக்கும் போட்டு பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை அடிச்சா கடைசி இடம் தான் வரும், வேற எந்த இடம் வரும்? இதனால என்ன ஆகுதுன்னா டேபிள்ல கடைசியா வந்ததை யாரும் வாங்கறதில்ல, மாத்தி அடிக்க இருந்த ஒரு க்ரூப் கையை விட்டுப் போகுது. மிச்சம் இருக்கற ரெண்டு மூணு க்ரூப் மேல சுமை இன்னும் கூடுது.

இதுல பயப்பட என்ன இருக்குன்னு கேக்கலாம். பழைய கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆனா உங்க ரிப்போர்ட்டைப் படிக்கற மத்தவங்களுக்காக சொல்றேன். வைரமுதுகு அந்துப்பூச்சி டிடிடிக்கு அசராம நின்னது இந்தோனேசியாவோட ஜாவா தீவுல, 1953லயே அதை எழுதிட்டாங்க. 1990ல ஹவாய்ல பிடிக்கே எதிர்ப்பு வந்துடுச்சுன்னு வயல்ல இருந்து பிடிச்ச புழுவை வச்சு காட்டினாங்க, திறந்த வயல்ல பிடியைத் தாக்குப் பிடிச்ச முதல் பூச்சி இது தான். அதே ஹவாய்ல ஸ்பினோசாட் வந்து ரெண்டு மூணு வருஷம் கூட தாண்டலை, 2000 வாக்குல அங்க கோசு வயல்ல அது பலிக்காம போச்சு. அதுக்கப்புறம் அங்க விவசாயிங்க எல்லாம் சேந்து ஸ்பினோசாட்டை ஒதுக்கி வச்சுட்டு இந்தக் காலத்துல இந்த க்ரூப் மட்டும்னு ஊரோட முறை வச்சு அடிச்சாங்க. பிலிப்பைன்ஸ்லயும் தாய்லாந்துலயும் டயமைடு, அதாவது அந்த 28வது க்ரூப் மருந்துகள், வந்து கொஞ்ச வருஷத்துலயே கோசு வயல்ல கை விரிச்சுடுச்சு, ரியானோடின் ரிசெப்டர்ல 4946வது இடத்துல கிளைசினுக்குப் பதிலா குளூட்டமிக் அமிலம் வந்து உக்காந்தது தான் காரணம்னு 2012ல கண்டுபிடிச்சு எழுதினாங்க. ஒரே ஒரு அமினோ அமிலம். அதுக்குப் பிறகு குளோரான்ட்ரனிலிப்ரோல்னு எழுதின பாட்டிலா புளூபென்டியமைட்னு எழுதின பாட்டிலாங்கறது ஒரு பொருட்டே இல்ல.

இன்னும் ஒண்ணு. ஸ்பினோசாட் 1997ல சந்தைக்கு வந்தது, எமாமெக்டின் கிட்டத்தட்ட அதே சமயம், டயமைடு 2007, 2008 வாக்குல. உங்க ப்ளாட்ல இருக்கற புழுவோட பாட்டன் பூட்டன் எல்லாம் இதைப் பாத்துட்டாங்க. அதனால டெஸ்ட் நடந்த வயல்ல, அக்கம்பக்கத்துல, போன ரெண்டு சீசன்ல என்ன மருந்து அடிச்சிருந்தாங்கன்னு ஒரு பாரா எழுதுங்க. ஆராய்ச்சிப் பண்ணைக்குள்ள, சுத்தி கோசே இல்லாத இடத்துல நடத்தின டெஸ்ட்ல ஒரு மருந்து 95 வாங்கினா அது எங்க வயல்லயும் 95 வாங்கும்னு எப்படி நம்பறது? அந்தப் புழு வேற, எங்க புழு வேற. சில ரிப்போர்ட்ல புழு எங்க இருந்து வந்துச்சுன்னு கூட இருக்காது, மண்ணோட பிஎச் மட்டும் தசமப் புள்ளி வரைக்கும் இருக்கும்.

கணக்கு போடற முறைலயும் ஒரு சின்ன வேண்டுகோள். கண்ட்ரோலோட ஒப்பிட்டு சதவீதம் போடற ஆபட் சூத்திரம் 1925லயே வந்தது, அடிக்கறதுக்கு முன்னாடி எல்லா ப்ளாட்லயும் புழு ஏறக்குறைய சமமா இருக்குங்கற நம்பிக்கைல தான் அது நிக்குது. ஹெண்டர்சன் டில்டன் சூத்திரம் 1955ல வந்தது, அடிக்கறதுக்கு முந்தின எண்ணிக்கையையும் சேத்துக்கும். வயல்ல புழு என்னைக்கு சமமா பரவி இருந்திருக்கு? வரப்போரம் ஒரு கணக்கு, நடுவுல ஒரு கணக்கு. முந்தின நாள் எண்ணிக்கையை கஷ்டப்பட்டு எடுத்து டேபிள்ல முதல் காலமா போட்டுட்டு, அதைத் தொடாமலே சதவீதம் போட்டா அந்த எண்ணிக்கை எதுக்கு?

ஒட்டுண்ணி குளவிங்களைப் பத்தி நிறைய பேர் ஒரு வரில முடிச்சுடறீங்க, "இயற்கை எதிரிகளுக்குப் பாதுகாப்பானது"ன்னு. கோடீசியா குளவி வைரமுதுகுப் புழுவுக்குள்ள வளந்து வெளிய வந்து இலைல வெள்ளையா ஒரு அரிசியை விட சின்னதா கூடு கட்டும், பக்கத்துலயே அந்துப்பூச்சியோட கூடு வலை மாதிரி மெல்லிசா, உள்ள இருக்கறது தெரியற மாதிரி இருக்கும், ரெண்டையும் பிரிச்சு எண்ணறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஆனா அஞ்சு மீட்டருக்கு நாலு மீட்டர் ப்ளாட்ல குளவி எங்க நிக்கப் போகுது, இந்தப் ப்ளாட்ல இருந்து பறந்து அடுத்த ப்ளாட்டுக்கு போயிடும், அதனால எல்லா ப்ளாட்லயும் எண்ணிக்கை ஒரே மாதிரி வரும், உடனே எல்லாமே பாதுகாப்புன்னு எழுதிடறீங்க. ஸ்பினோசாட் மண்ணுல இருந்த பாக்டீரியால இருந்து வந்தது, இயற்கை விவசாயத்துல கூட பல இடத்துல அனுமதி இருக்கு, ஆனா குளவி இனத்துக்கு அது நல்லா வலிக்கும், ஈரமா இருக்கறப்ப தேனீக்கும் ஆபத்து. இயற்கைல இருந்து வந்துச்சுங்கறதுக்கும் குளவிக்கு நல்லதுங்கறதுக்கும் சம்பந்தம் இல்ல, இதை டெஸ்ட் பண்ணித் தான் சொல்லணும், அதுக்கு பெரிய ப்ளாட் வேணும். தண்ணிக்குள்ள வாழற உயிருங்களும் கணக்குல வரணும், புளூபென்டியமைடை அமெரிக்காவுல 2016ல ரத்து பண்ணினது அது உடைஞ்சு வர்ற பொருள் நீர்நிலைல அடிமண்ணுல சேந்து அங்க இருக்கற சின்ன உயிருங்களைப் பாதிக்குங்கற காரணத்துக்காகத் தான். வயல்ல மட்டும் பாத்தா அது ரொம்ப நல்ல மருந்து.

சரி, குறையே சொல்லிட்டு இருந்தா எப்படி, எனக்கு என்ன வேணும்னு சொல்றேன்.

மருந்துக்கு மருந்து போட்டி வைக்கறதை விட்டுட்டு, வரிசைக்கு வரிசை போட்டி வைங்க. கோசு நட்டதுல இருந்து அறுக்கற வரைக்கும் ஒரு முழு சீசன். ஒரு ப்ளாட்ல ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் 28வது க்ரூப் மட்டும், அதாவது நாங்க நிஜத்துல பண்றது. இன்னொண்ணுல ஒவ்வொரு ஸ்ப்ரேக்கும் க்ரூப்பை மாத்தறது, 28, 6 (எமாமெக்டின்), 22 (இன்டாக்சாகார்ப்), 5ன்னு, அதாவது நீங்க எங்களைப் பண்ணச் சொல்றது. மூணாவதுல ஜன்னல் முறை, முதல் முப்பது நாள் ஒரு க்ரூப், அடுத்த முப்பது நாள் அந்த க்ரூப்பைத் தொடவே கூடாது வேற க்ரூப், அதாவது ஐஆர்ஏசி சொல்றது. நாலாவதுல பிடில ஆரம்பிச்சு, புழு பொருளாதார சேத நிலையை, அதாவது மருந்துச் செலவை விட பயிர் நஷ்டம் கூடற அளவை, தாண்டினா மட்டும் ரசாயனத்துக்குப் போறது. அஞ்சாவது கண்ட்ரோல். ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் என்ன வித்தியாசம்னு நிறைய விவசாயிக்குத் தெரியாது, எனக்கே புரிய நாளாச்சு. ஒவ்வொரு ஸ்ப்ரேக்கும் மாத்தினா நல்லது தானேன்னு தோணும், ஆனா பத்து நாளுக்கு ஒரு தடவை மாத்தி நாலு க்ரூப்பையும் ஒரு சுத்து சுத்தி வந்தா ஒரே தலைமுறைப் புழு ரெண்டு மூணு க்ரூப்பைப் பாத்துடுது, அடுத்தடுத்த தலைமுறையும் அதே மாதிரி பாக்குது, எந்த க்ரூப்புக்கும் முழுசா ஓய்வு கிடைக்கறதில்ல. இதுல எது எங்க நிலைமைல எடுபடும்னு வயல்ல காட்டுங்க.

சீசன் ஆரம்பத்துல அந்த வயல்ல இருந்து கொஞ்சம் புழு பிடிச்சு லேப்ல இலை முக்கும் சோதனை பண்ணுங்க, மருந்துக் கரைசல்ல கோசு இலைத் துண்டை முக்கி, உலர்த்தி, சின்னப் புழுவை விட்டு மூணு நாள் கழிச்சு எத்தனை செத்துச்சுன்னு பாக்கற அதே பழைய முறை தான், உங்க மாணவர்கள் கண்ணை மூடிட்டு பண்ணுவாங்க. சீசன் கடைசில ஒவ்வொரு ப்ளாட்ல மிச்சம் இருந்த புழுவைப் பிடிச்சு அதே டோஸ்ல திரும்பப் பண்ணுங்க. ஆரம்பத்துல எத்தனை செத்துச்சு, கடைசில எத்தனை செத்துச்சு, வரிசைக்கு வரிசை வித்தியாசம் என்ன. அந்துப்பூச்சி ப்ளாட்டுக்கு ப்ளாட்டு பறக்கும், அதனால சின்ன ப்ளாட்ல இது சரியா வராதுன்னு நீங்க சொல்வீங்க, சரி தான், அதுக்காகத் தான் பெரிய ப்ளாட்டு, முடிஞ்சா தனித்தனி வயல். ரெண்டு மூணு வருஷம் ஆகும், ஒரு மாணவரோட படிப்புக் காலத்துக்குள்ள அடங்காது, அதுவும் தெரியும். மூணு மாசத்துல முடியற டெஸ்ட்டு தான் நிறைய நடக்கறதுக்கு அது தான் காரணம்னு எனக்குப் புரியுது. ஆனா ஒருத்தர் ஆரம்பிச்சதை அடுத்தவர் தொடரலாம் இல்லையா, அதே வயல்ல, அதே வரிசைல.

நாத்தங்காலையும் மறக்காதீங்க. இப்ப குழித்தட்டுலயே சயான்ட்ரனிலிப்ரோல் ஊத்தி நாத்து வருது. அது எங்களுக்குத் தெரியாமலே முதல் டோஸ், 28வது க்ரூப். நட்ட பிறகு குளோரான்ட்ரனிலிப்ரோல் அடிச்சா அது ரெண்டாவது. நாத்துப் பண்ணைல என்ன ஊத்தினாங்கன்னு எழுதி ஒட்டற ஒரு சீட்டு, அதுல க்ரூப் நம்பர், இதை நீங்க சிபாரிசாவே எழுதலாம்.

தண்ணி, நாசில், ஒட்டுத் திரவம் இந்த மூணும் ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் வேணும். கோசு இலை மேல மெழுகு, வெறும் தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடிடும், நீங்க ஒட்டுத் திரவம் கலந்தீங்களா இல்லையான்னு தெரியாம உங்க சதவீதத்தை நாங்க என்ன பண்றது. புழு இருக்கறது இலைக்கு அடியில, தெளிப்பு போறது மேல. உங்க ப்ளாட்ல அடிக்கறவர் ஒவ்வொரு செடியையும் குனிஞ்சு பாத்து அடிப்பாரு, முழு வயல்ல அப்படி யாரும் அடிக்க மாட்டாங்க, இந்த இடைவெளிலயே புழுவுக்குப் போற டோஸ் பாதியாகிடும். பாதி டோஸ்ல தப்பிச்ச புழு தான் அடுத்த சீசனுக்கு விதை.

கீரைக்கும் ஏதாவது சொல்லுங்க. புது மருந்து டெஸ்ட் எல்லாம் கோசு, தக்காளின்னே போகுது, கீரை லேபிள்ல இருக்கறதே அபூர்வம். கீரைல அறுவடைக்கு அறுவடை இடைவெளி கம்மி, காத்திருப்பு நாள் நீளமா இருக்கற மருந்தை யாரும் காத்திருந்து அறுக்கப் போறதில்ல, அதனால அங்க பிடி, வலை, முட்டைக் குவியலைப் பொறுக்கறதுன்னு ஒரு வரிசையைச் சோதிச்சுக் காட்டினா போதும்.

30வது க்ரூப்புன்னு பிராஃப்ளனிலைட், ஐசோசைக்ளோசெரம் எல்லாம் இப்ப வந்திருக்கு, நல்லா வேலை செய்யுதுன்னும் சொல்றாங்க. அதையும் தனியா ஒரு ப்ளாட்ல மூணு தடவை அடிச்சு டேபிள்ல முதல் இடத்துல நிக்க வச்சு எங்ககிட்ட குடுக்காதீங்க. எந்த ஜன்னல்ல, எதுக்குப் பின்னாடி, எதுக்கு முன்னாடி அடிக்கணும்னு சேத்துக் குடுங்க. இப்பவே அந்தந்த வட்டாரப் புழுவோட எல்சி 50 (பாதிப் புழுவைக் கொல்ற மருந்து அடர்த்தி) எடுத்து எழுதி வைங்க, பத்து வருஷம் கழிச்சு மருந்து பலிக்கலைன்னா ஒப்பிட்டுப் பாக்க ஒரு ஆரம்பக் கணக்கு இருக்கணும், பல மருந்துக்கு அது இல்லாம தான் இப்ப "ஏன் பலிக்கலை"ன்னு மாறி மாறி கேட்டுட்டு இருக்கோம்.

வயல் கிடைக்கலை, விவசாயி ஒத்துக்க மாட்டாங்க, கண்ட்ரோல்னு விட்ட ப்ளாட்ல முழுக்க புழு தின்னா யார் நஷ்டம் ஏத்துக்கறதுன்னு நீங்க கேப்பீங்க. கண்ட்ரோல் ப்ளாட்டுக்கு ஆகற விளைச்சல் நஷ்டத்தை முன்னாடியே பேசி எழுதி வச்சுட்டா நிலம் குடுக்க ஆள் இருக்கு, நான் குடுக்கறேன், என்னை மாதிரி பக்கத்துல இன்னும் நாலு பேர் குடுப்பாங்க. எந்தத் தேதிக்கு என்ன அடிச்சோம்னு நோட்டுல க்ரூப் நம்பரோட எழுதிக் குடுக்கவும் தயார், மூணு சீசன் ஆனாலும் சரி. ஒரே நிபந்தனை, நாத்து விடறதுக்கு முன்னாடி வந்து பேசணும், ஏன்னா குழித்தட்டுல என்ன ஊத்தறதுங்கறதுல இருந்தே அந்த வரிசை ஆரம்பிக்குது.

இப்படிக்கு,
உங்க டேபிளை முழுசா படிக்கிற ஒரு காய்கறி விவசாயி